கைவேலையும் கைக்கூலியும்

லக்னோவுக்கு மாற்றலாகி வரும் நம்மவர்கள் முதல் வாரத்திலேயே இரண்டு சொற்களைக் கற்றுக்கொள்கிறார்கள். ஒன்று, வாயிற்படியில் ஒருவருக்கொருவர் வழிவிட்டு நிற்கும்போது சொல்லும் 'பஹ்லே ஆப்'. 'முதலில் தாங்கள்' என்பது அதன் பொருள். மற்றொன்று 'சிக்கன்'. ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டிமார், "சிக்கன் புடவை ஒன்று வாங்கினேன்" என்று மருமகள் சொன்னதும் திடுக்கிட்டு நிமிர்வது இங்குள்ள தமிழ் இல்லங்களில் வழக்கமாக நடக்கும் வேடிக்கை. மெல்லிய துணியின்மேல் ஊசியும் நூலுமாகப் பூவேலை செய்வதற்கே அந்தப் பெயர். நம் மொழியின் சிக்கனத்துக்கும் அதற்கும் யாதொரு சம்பந்தமும் கிடையாது. ஆனால் அந்த வேலையைச் செய்யும் ஸ்திரீகளின் வாழ்க்கையைப் பார்த்தவர்களுக்கு, சம்பந்தம் உண்டோ என்ற ஐயம் எழத்தான் செய்யும்.

சௌக் கடைத்தெருவில் கண்ணாடிப் பெட்டிக்குள் தொங்கும் ஒரு குர்த்தா எத்தனை கைகள் மாறி அங்கே வந்து சேர்ந்தது என்பதை வாங்குவோர் அறிவதில்லை. முதலில் துணியைத் தையற்காரர் அளவுக்கு வெட்டுகிறார். பிறகு அது அச்சிடுபவரிடம் போகிறது. அவர் மரத்தில் செதுக்கிய அச்சுக்கட்டையைப் பிசின் கலந்த நீலத்தில் தோய்த்துக் கொடி, இலை, மாங்காய் முதலிய உருவங்களைத் துணியில் பதிக்கிறார். நின்று நிலைக்காத, கழுவினால் போய்விடும் நீலம் அது. அச்சான துணியை முகவர் மூட்டையாகக் கட்டி நகரத்தின் சந்துகளுக்கும், காகோரி, மலிஹாபாத் போன்ற சுற்றுப்புறச் சிற்றூர்களுக்கும் கொண்டுபோய் வீடு வீடாகப் பங்கிடுகிறார். வேலை முடிந்து திரும்பியதும் சலவைத் தொழிலாளர் அதை வெளுத்து நீலத்தைப் போக்குகிறார்கள். அதன் பிறகு கஞ்சி, இஸ்திரி, கடை.

இந்தச் சங்கிலியில் மிக நீண்ட காலம் துணி தங்கும் இடம், ஊசி பிடிக்கும் பெண்ணின் மடியே. நாள் கணக்கில், நுண்ணிய வேலையானால் மாதக் கணக்கில்கூட, அது அவளிடம் இருக்கும். தையல் வகைகள் முப்பத்திரண்டு என்று சொல்வது இங்கே மரபு. நேராக ஓடும் தையல் 'தேப்சி'. துணியின் பின்புறத்தில் நூலைக் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டி, முன்புறத்தில் நிழல்போல் மட்டும் தெரியச் செய்வது 'பகியா'. அரிசிமணிபோல் புடைத்திருப்பது 'முர்ரி'. தினைமணிபோல் உருண்டிருப்பது 'ஃபந்தா'. எல்லாவற்றிலும் வியப்பூட்டுவது 'ஜாலி' என்னும் வலைவேலை. நூல் ஒன்றையும் உருவி எடுக்காமல், பாவையும் ஊடையையும் ஊசிமுனையால் ஒதுக்கி ஒதுக்கி இறுக்கி, துணியிலேயே சன்னல் அமைத்துவிடுகிறார்கள். ஒருத்திக்கு முர்ரி கைவந்தால் மற்றொருத்திக்கு ஜாலி கைவரும். ஆகவே ஒரே துணி இரண்டு மூன்று வீடுகள் ஏறி இறங்குவதும் உண்டு.

ஆயினும் இலாபத்தைப் பங்கிடும்போது வரிசை தலைகீழாகிவிடுகிறது. ஊசி பிடிப்பவளுக்கு உருப்படிக் கணக்கில் கூலி. துணியில் கறை பட்டால் பிடித்தம். எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று யாரும் கேட்பதில்லை. ஏனெனில், 'வீட்டிலே சும்மா இருக்கும் நேரத்தில் செய்வதுதானே' என்று ஒரு பதில் எப்போதும் தயாராக இருக்கிறது. சமையலுக்கும் குழந்தைக்கும் நடுவே விளக்கடியில் குனிந்து கண்ணைக் கெடுத்துக்கொள்ளும் நேரத்துக்கு உலகம் வைத்திருக்கும் பெயர் 'சும்மா'! இவர்களுடைய துயரத்தை முஸஃபர் அலி 1986-இல் 'அஞ்சுமன்' என்னும் திரைப்படமாக எடுத்தார். அதற்கு இரண்டாண்டுகள் முன்னதாகவே, 1984-இல், ரூனா பானர்ஜி முதலியோர் இங்கே 'சேவா லக்னோ' என்னும் ஸ்தாபனத்தைத் தொடங்கி, இடைத்தரகர் இல்லாமல் பெண்களே விற்பதற்கு வழி செய்தார்கள்.

அந்தப் பெயரைக் கேட்டதும் ஆமதாபாத்தின் 'சேவா' நினைவுக்கு வரும். இரண்டும் வேறு வேறு ஸ்தாபனங்கள். ஆமதாபாத்தில் ஆலைகள் கழித்துவிடும் கந்தல் துண்டுகளை ஒட்டுப்போட்டு மெத்தை உறை தைக்கும் பெண்கள் முதலியோரை ஒன்றுதிரட்டியவர் ஈலா பட் அம்மையார் (1933–2022). 1972-இல் அவர் தொழிற்சங்கமாகப் பதிவு செய்யப் போனபோது, 'உங்களுக்கு முதலாளி என்று ஒருவர் இல்லையே, யாரை எதிர்த்துச் சங்கம்?' என்பதே அதிகாரிகள் எழுப்பிய ஆட்சேபம். எதிர்ப்பதற்காக மட்டும் அல்ல, தொழிலாளர் ஒற்றுமைக்காகவே சங்கம் என்று வாதாடி அவர் பதிவைப் பெற்றார். வீட்டில் இருந்தபடி பிறருக்காக வேலை செய்பவரும் தொழிலாளியே என்பதை 1996-இல் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் தனியோர் உடன்படிக்கையாகவே வகுத்தது. நம் நாட்டிலும் அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான 2008-ஆம் ஆண்டுச் சட்டம் அத்தகையவருக்கு இலக்கணம் கூறியது. ஆனால் சட்டப் புத்தகத்தில் இடம் பெற்றவளுக்குச் சந்தையில் இடம் கிடைத்துவிடுவதில்லை.

இதையெல்லாம் நம் சங்கப் பத்திரிகையில் எழுதுவானேன் என்று நேயர்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. கடந்த சில ஆண்டுகளாக நம் குடும்பப் பெண்கள் பலரும் கைவேலைப் பொருள்கள் செய்து விற்கத் தலைப்பட்டிருக்கிறார்கள். குரோஷா பின்னல், கொலுப்படி விரிப்பு, வாயில் தோரணம், பழம் புடவைக் கரையில் தைத்த பை, தாம்பூலம் வைத்துக் கொடுக்கும் சிறு சுருக்குப்பை என்று நவராத்திரி சமயத்தில் வீட்டுக்கு வீடு ஒரு கடையே உண்டாகிறது. கைபேசியில் படம் அனுப்பினால் புனாவிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் நம்மவர்களே கேட்கிறார்கள். மிகவும் மகிழ வேண்டிய விஷயம். விலைதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது.

எங்கள் குடியிருப்பில் ஓர் அம்மையார் இருக்கிறார். அவர் வீட்டுக்கு வந்துபோகும் முதிய சிக்கன்காரப் பெண்மணி ஒருவரிடம் இரண்டாண்டுகள் பொறுமையாகத் தையல் கற்றுக்கொண்டார். எல்லோரும் அந்த மூதாட்டியை 'ஆபா' என்று அழைப்பார்கள். அக்காள் என்று பொருள். நம் அம்மையார் அச்சுக்கட்டைக் கொடிக்குப் பதிலாகச் சிக்குக் கோலத்தை மேசை விரிப்பில் வரைந்து, புள்ளிக்கு ஃபந்தாவும் கோட்டுக்குத் தேப்சியுமாகப் போட்டார். பார்த்தவர் மயங்கினார்கள். ரூ.400-க்கு நான்கு விரிப்புகள் உடனே விலைபோயின. நான் கணக்கெழுதிப் பிழைக்கிறவன். கை சும்மா இருக்கவில்லை. துணி ரூ.180, நூல் ரூ.30, கோலம் அச்சிட ரூ.20, சலவை ரூ.50, ஆக அடக்கம் ரூ.280. மிச்சம் ரூ.120. நாள் ஒன்றுக்கு இரண்டு மணி வீதம் பதினாறு மாலைகள் அந்த வேலைக்கு ஆயின. முப்பத்திரண்டு மணிக்கு நூற்றிருபது ரூபாய் என்றால், மணிக்கு மூன்றே முக்கால் ரூபாய்.

"இதற்கெல்லாம் கணக்குப் பார்ப்பார்களா, தம்பி? தெரிந்தவர்களிடம் போய் அதிகமாகக் கேட்க வாய் வருமா?" என்று அம்மையார் சிரித்தார். ஆபா சிரிக்கவில்லை. "பெஹன்ஜி, நீங்கள் நானூறுக்குக் கொடுத்ததை நாளைக்கு வியாபாரி என்னிடம் கொண்டுவந்து காட்டுவார். உங்கள் வீட்டில் மாதச் சம்பளம் வருகிறது. எனக்கு இந்த ஊசிதான்" என்றார்.

அதற்கு அங்கிருந்த எவராலும் பதில் சொல்ல முடியவில்லை. அடுப்பு எரிவதற்கு வேறு வருவாய் உள்ளவர்கள், பொழுதுபோக்கு என்ற பெயரில் கூலியின்றி விற்றால், அந்த விலையே சந்தையின் விலையாகிவிடுகிறது. அதில் அடிபடுகிறவள், அந்த ஊசியை நம்பியே அடுப்பு மூட்டுகிறவள். நமக்கும் நன்மை இல்லை. நாளை கணவருக்கு உடல்நலம் குன்றியோ, வேலை ஓய்ந்தோ, அதே கைவேலையைக் கொண்டு குடும்பம் நடத்த நேர்ந்தால், நாமே தாழ்த்திவைத்த விலை நம்மையே எதிர்கொண்டு நிற்கும்.

இது புதிய கேள்வி அன்று. 1935-இல் அகில பாரத சர்க்கா சங்கம் வார்தாவில் கூடியபோது, காந்தியடிகள் இதே கேள்வியை நூற்பவர்களின் சார்பில் எழுப்பினார். எட்டு மணி நேரம் திறமையாக நூற்கும் ஒருவருக்கு, வேண்டிய அளவு உணவும் ஆண்டுக்கு இருபது கஜம் துணியும் பெறும்படியான கூலி கிடைக்க வேண்டும் என்று அச்சங்கம் தீர்மானித்தது. கதர் விலை ஏறிவிடுமே என்று அஞ்சினவர்கள் அக்காலத்திலும் இருந்தார்கள். வீட்டுவேலையின் நடுநடுவே நூற்கும் நூலானாலும் அதன் விலையை மணிக்கணக்கில் பார்க்க வேண்டும் என்ற கருத்து அன்றே ஒப்புக்கொள்ளப்பட்டது என்பது கவனிக்கத்தக்கது.

சரி, மணிக்கு ஐம்பது ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். எட்டு மணிக்கு நானூறு. இந்த நகரத்தில் கட்டட வேலைக்குச் செல்லும் சிற்றாள்கூட இதற்குக் குறைந்து இசைய மாட்டார். அப்படியானால் கோல விரிப்பின் விலை 1,600-உம் 280-உம் சேர்ந்து ரூ.1,880. இந்த விலைக்கு யார் வாங்குவார் என்று கேட்டால், சிலர்தாம் வாங்குவார்கள், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் இதற்கும் ஒரு வழி உண்டு. வேலையைக் குறைக்கலாமே அன்றிக் கூலியைக் குறைக்கலாகாது. விரிப்பு முழுவதும் பரவியிருந்த கோலத்தை ஒரு மூலையில் மட்டும் அமைத்தால் பத்து மணியில் முடிகிறது. ஐந்நூறும் இருநூற்றெண்பதும் சேர்த்து ரூ.780. அம்மையார் இப்போது அவ்வாறே செய்கிறார். முழுக் கோலம் வேண்டுமென்பவர்கள் முன்பணம் கட்டிக் காத்திருக்கிறார்கள். வாடிக்கை முன்னைவிடச் சற்றுக் குறைந்திருப்பது உண்மை. பேரம் பேசுவோரில் நம்மவர்களே முன்னணியில் நிற்கிறார்கள் என்பதும் உண்மை.

இயந்திரத்தோடு விலையில் போட்டி போடுவது வீண். கணினி கொண்டு ஓடும் தையல் இயந்திரம் போட்ட பூவேலையையும் 'சிக்கன்' என்றே கடைகளில் விற்கிறார்கள். லக்னோ சிக்கன் வேலை 2008-இல் புவிசார் குறியீடு பெற்றிருந்தும் இது நின்றபாடில்லை. வாங்குவோர் துணியைத் திருப்பிப் பார்க்க வேண்டும். கைவேலையின் பின்புறத்தில் நூல் தாண்டிய தடமும் முடிச்சும் தெரியும். ஒரு பூ மற்றொரு பூவைப்போல் அச்சாக இராது. விற்பவர்களும் பின்புறத்தைத் தாங்களே திருப்பிக் காட்டுவது நல்லது. எத்தனை மணி வேலை என்று ஒரு சீட்டில் எழுதித் துணியோடு குத்திவைத்தால், பேரம் பாதி குறைந்துவிடுகிறது என்பது எங்கள் குடியிருப்பின் அனுபவம்.

விற்கும் இடங்களைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை; அதை நம் பெண்கள் என்னைவிட நன்கு அறிவார்கள். மத்திய அரசின் கைவினை ஆணையர் அலுவலகம் வழங்கும் கைவினைஞர் அடையாள அட்டையை மட்டும் அவசியம் வாங்கிவைத்துக்கொள்ள வேண்டும். அரசாங்கக் கண்காட்சிகளில் இடம் கேட்க அது உதவும். 2022-இல் ரயில்வே தொடங்கிய 'ஒரு நிலையம், ஒரு பொருள்' திட்டத்தில் நிலையத்தில் கடை கேட்பதற்கும் அத்தகைய அட்டை ஏற்கப்படுகிறது. கட்டணம் சொற்பம், முறைவைத்து மாற்றி மாற்றிக் கொடுக்கிறார்கள். அந்தந்த வட்டாரத்தின் பொருளுக்கே அங்கு இடம் என்பதால், ஆபா போன்றவர்களோடு சேர்ந்து விண்ணப்பிப்பதே முறை.

இறுதியாக, உத்தியோகஸ்தர் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. 1966-ஆம் ஆண்டு ரயில்வே ஊழியர் நடத்தை விதிகளில் 15-ஆவது விதியின்படி, குடும்பத்தினர் எவரேனும் வியாபாரத்தில் ஈடுபட்டால் ஊழியர் அதை நிர்வாகத்துக்கு அறிவிக்க வேண்டும். மற்ற மத்திய அரசு ஊழியர்களுக்கும் 1964-ஆம் ஆண்டு விதிகளில் இதே எண்ணில் இதே ஏற்பாடு இருக்கிறது. மனைவி விற்பதற்குத் தடை இல்லை. அறிவிக்காமல் இருப்பதே குற்றம். கணவர் அந்தப் பொருளை அலுவலகத்துக்குக் கொண்டுபோய்ச் சக ஊழியர்களிடம் ஆதரவு தேடுவதும் கூடாது. தீபாவளிக்கு முன் மேசைக்கு மேசை பை தூக்கிச் செல்லும் நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அறிவிப்புக்கென்று தனிப் படிவம் தேட வேண்டியதில்லை. என்ன பொருள், யார் செய்கிறார், எப்போது தொடங்கியது என்று அரைப்பக்கக் கடிதம் எழுதி, மேலதிகாரி மூலமாக அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கு நகலில் ஒப்பம் வாங்கிவைத்தால் போதும். நான் எழுதிக் கொடுத்த கடிதத்தின் நகல் ஒன்று சங்க நூலகத்தில் இருக்கிறது; வேண்டுவோர் ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து பார்த்து எழுதிக்கொள்ளலாம்.