ஏழைக்குக் கோடு போட்ட பெண்!

ஏழை யார்?

"பார்த்தாலே தெரியாதா?" என்போம். சர்க்காருக்கு அது போதாது. உதவி கொடுக்க ஒரு கணக்கு வேண்டும். இந்தத் தொகைக்குக் கீழே வருமானம் உள்ளவர் ஏழை. மேலே போனால் ஏழை அல்ல என்று ஒரு கோடு போட வேண்டும்.

அமெரிக்காவில் அந்தக் கோட்டைப் போட்டவர் ஒரு பெண். பெயர் மோலி ஓர்ஷான்ஸ்கி.

1915-ல் நியூயார்க் நகரில் பிறந்தவர். பெற்றோர் உக்ரேனில் இருந்து பிழைக்க வந்தவர்கள். வீடு நிறையப் பெண் பிள்ளைகள். வருமானமோ குறைவு. இலவச உணவு கொடுக்கும் இடத்தில் தாயோடு வரிசையில் நின்றவர் மோலி. பிறகு கணக்குப் படித்துச் சர்க்கார் உத்தியோகத்துக்கு வந்தார்.

அடுப்படிக் கணக்கு

1963-ல், ஏழைக் குழந்தைகளைப் பற்றி அவர் ஒரு கட்டுரை எழுதினார். அதற்காகப் போட்ட கணக்குத்தான் கோடாயிற்று.

விவசாய இலாகாவிடம் சாப்பாட்டுப் பட்டியல்கள் இருந்தன. மிக மலிவான பட்டியலை மோலி எடுத்தார். பணத் தட்டுப்பாடு வந்தால் கொஞ்ச காலம் சமாளிக்க என்று இலாகா போட்ட பட்டியல் அது. 1964 விலைப்படி, ஓர் ஆளுக்கு ஒரு வேளைக்குச் சுமார் 22 சென்ட். வெளியில் ஒரு காப்பி குடிக்கக்கூட அதில் இடம் இல்லை! ஆண்டு முழுவதும் இப்படிக் குடித்தனம் நடத்தினால் என்ன ஆகும் என்பது தாய்மார்களுக்குத் தெரியும்.

அடுத்து, 1955-ல் எடுத்த ஒரு கணக்கைப் பார்த்தார். குடும்பங்கள் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைச் சாப்பாட்டுக்குச் செலவு செய்தன. ஆகவே, சாப்பாட்டுச் செலவை மூன்றால் பெருக்கினார். நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 3,100 டாலர் வந்தது.

சற்று உயர்ந்த இன்னொரு கோட்டையும் மோலி காட்டினார். 1965-ல் சர்க்கார் எடுத்துக்கொண்டது தாழ்ந்த கோட்டைத்தான். கோடு தாழ்ந்தால் ஏழைகளின் எண்ணிக்கையும் குறையும் அல்லவா?

எவ்வளவு இருந்தால் போதும் என்று சொல்ல முடியாவிட்டாலும், எவ்வளவு இருந்தால் போதாது என்று சொல்லலாம் என்பதே மோலியின் கருத்து. அவர் சொன்னது "போதாத" தொகை. அதுவே அளவுகோல் ஆகிவிட்டது.

வாடகை எங்கே?

விலைவாசி ஏறுவதற்குத் தக்கபடி, தொகையை ஆண்டுதோறும் உயர்த்துகிறார்கள். அடிக்கணக்கு மட்டும் பழையதுதான்.

செலவு மாறிவிட்டது. இன்று அமெரிக்கக் குடும்பம் 100 டாலர் செலவழித்தால், சாப்பாட்டுக்குப் போவது சுமார் 13 டாலர். வீட்டுச் செலவோ 33 டாலர்! தாய் வேலைக்குப் போனால், குழந்தையைப் பார்த்துக்கொள்ளத் தனிப் பணம். வைத்தியச் செலவைக் கேட்கவே வேண்டாம்.

உதவித் திட்டங்களுக்காக 2025-ல் போட்ட கோடு, நான்கு பேருக்கு 32,150 டாலர். அலாஸ்கா, ஹவாய் தவிர எல்லா மாநிலத்துக்கும் இதுவே. நியூயார்க் வாடகையும் மிசிசிப்பி கிராமத்து வாடகையும் ஒன்றா?

வாடகை, வரி, வைத்தியம் எல்லாம் சேர்த்து 2011 முதல் இன்னொரு கணக்கும் வெளியிடுகிறார்கள். ஆனால், உதவி கொடுப்பது பழைய கோட்டை வைத்துத்தான். மோலி அம்மையார் 2006-ல், 91-வது வயதில் காலமானார்.

கோடு போதாது என்பது சர்க்காருக்கும் தெரியும். பள்ளிக்கூடத்தில் இலவசச் சாப்பாடு, கோட்டுக்கு மேல் 30 சதவீதம் வரை உண்டு. 2025 கணக்குப்படி அது 41,795 டாலர். அதற்கு மேல் ஒரு டாலர் கூடினாலும், பல பள்ளிக்கூடங்களில் குழந்தை காசு கொடுத்துத்தான் சாப்பிட வேண்டும்.