காரைக்குடி டு பாங்காக்: ரூட் போடுறதுக்கு முன்னாடி

போன மாசம் காரைக்குடியில நண்பன் வீட்டு வளவுல மேப்பை விரிச்சு உட்கார்ந்தோம். "மச்சான், பைக்லயே பாங்காக் போயிடலாம்டா"ன்னான். 1942-ல ஜப்பான் படை ரங்கூனைப் பிடிச்சப்போ, அவனோட ஐயாவுக்கு அப்பா டாமு வழியா மணிப்பூருக்கு நடந்தே வந்தவர். அந்தப் பாதையில இவன் திரும்பப் போகணுமாம்.

மேப்புல ரோடு இருக்கு. மோரே–டாமு எல்லையை 2018-ல பாஸ்போர்ட், விசா வச்சிருக்கவங்களுக்குத் திறந்தாங்க. ஆனா 2021 ராணுவப் புரட்சிக்குப் பிறகு அந்தப் பக்கம் சண்டை. 2023-ல மணிப்பூர்லயும் கலவரம் வெடிச்சது.

அப்பதான் புரிஞ்சது, முதல்ல பார்க்க வேண்டியது வண்டியோ தூரமோ இல்ல, எல்லைக் கேட். ஒரு கேட் மூடினா மொத்த ரூட்டும் காலி. அடுத்தது கார்னே: சொந்த வண்டியை வரி கட்டாம இன்னொரு நாட்டுக்குள்ள கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவருவோம்னு கொடுக்கிற உத்தரவாதப் பத்திரம். அப்புறம்தான் விசா.

எங்க புது பிளான்: பைக் வேண்டாம். பாங்காக் வரை விமானம். அங்கிருந்து ரயில்ல மலேசிய எல்லையில இருக்கிற பாடாங் பெசார்; இரண்டு நாட்டு இமிகிரேஷனும் ஒரே ஸ்டேஷன்ல முடிஞ்சிடும். பிறகு பட்டர்வொர்த், ஃபெர்ரியில பினாங்கு, பஸ்ல சிங்கப்பூர். அங்கே 1859-ல நகரத்தார் கட்டின டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில்தான் கடைசி ஸ்டாப்.

"அப்போ அந்த ரூட்?"னு கேட்டான். "கேட் திறக்கட்டும்டா, நடந்தே போவோம்"னேன்.