பாடகர் மாண்ட இரவும் பணியில் இருந்தோரும்

புகழ் பெற்றோர் மறைந்த பின் அவர்தம் வாழ்வைப் படமாக எடுப்பது உலக வழக்கம். பிறப்பு, வறுமை, முயற்சி, வெற்றி, வீழ்ச்சி என்று ஓர் ஒழுங்கில் அக்கதை ஓடி முடியும். 2016-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த ‘தி லெனன் ரிப்போர்ட்’ என்னும் ஆங்கிலப் படம் அவ்வழியே செல்லவில்லை. ஜான் லெனன் என்னும் இசைக்கலைஞர் சுடப்பட்டு மருத்துவமனைக்குக் கொண்டு வரப்பட்ட ஓரிரவை மட்டுமே அது எடுத்துக்கொள்கிறது. அதிலும் லெனனைப் பற்றி அது பேசுவது குறைவு. அன்றிரவு அங்கே பணியில் இருந்த மருத்துவர், செவிலியர், காவலர், தற்செயலாக அங்கு வந்து கிடந்த செய்தியாளர் ஒருவர் ஆகியோரே அதன் கதை மாந்தர். இயக்கியவர் ஜெரெமி புரோஃப்.

லெனன் யார் என்று நம் சங்கத்து மூத்தோர் சிலர் வினவக்கூடும். இங்கிலாந்தின் லிவர்பூல் துறைமுக நகரில் 1940-இல் பிறந்தவர். ‘பீட்டில்ஸ்’ என்ற நால்வர் குழுவில் ஒருவராகி உலகப் புகழ் எய்தியவர். ஹரித்வாரம் சென்று வந்த குடும்பத்தார்க்கு அவர் முற்றிலும் அயலாரும் அல்லர். 1968-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அந்நால்வரும் ரிஷிகேசத்தில் மகரிஷி மகேஷ் யோகியின் ஆசிரமத்துக்கு வந்தனர். லெனன் ஏப்ரல் மாதம் வரையில் கங்கைக் கரையிலே தங்கிப் பல பாட்டுகளை இயற்றினார். அவ்வாசிரமம் பிற்காலத்தில் பாழடைந்து காடு மண்டிக் கிடந்தது. 2015-இல் வனத்துறையினர் அதனைப் பார்வையாளர்க்குத் திறந்துவிட்டனர். நம் இளைஞர் பலர் அதன் சுவர்ச் சித்திரங்களின் முன்னே நின்று படம் எடுத்துக்கொண்டு வருவதைக் காண்கிறோம்.

இனி அந்த இரவுக்கு வருவோம். 1980 டிசம்பர் 8, திங்கட்கிழமை. ஒலிப்பதிவு முடித்து மனைவி யோக்கோ ஓனோ அம்மையாருடன் இல்லம் திரும்பிய லெனன், நியூயார்க் நகரின் 72-ஆம் தெருவில் உள்ள ‘டகோட்டா’ மாளிகையின் வாயிலில் இரவு 10-50 மணியளவில் சுடப்பட்டார். சுட்டவன் பெயர் தேடி அலைந்தவன். ஆகையால் அவன் பெயரை நாம் இங்கே எழுதுவதற்கில்லை. ஐந்து குண்டுகளில் நான்கு முதுகின் இடப்புறத்திலும் தோளிலும் பாய்ந்தன. விரைந்து வந்த காவலர்கள் ஆம்புலன்ஸ் வரும் வரையில் காத்திருக்கவில்லை. தம் ரோந்துக் காரின் பின்னிருக்கையிலே அவரைக் கிடத்தி, ஏறத்தாழ ஒரு மைல் தொலைவிலிருந்த ரூஸ்வெல்ட் மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்தனர்.

வந்தவர் யார் என்று அங்கிருந்தோர்க்கு முதலில் தெரியாது. துப்பாக்கிக் காயத்தோடு வருவோர் அந்நாளைய நியூயார்க் மருத்துவமனைக்குப் புதியவர் அல்லர். நாடி இல்லை, மூச்சில்லை. அப்போது பணியில் இருந்த இளம் மருத்துவர் டேவிட் ஹாலரன், அறுவை மருத்துவத்தில் மூன்றாம் ஆண்டுப் பயிற்சியில் இருந்தவர். இத்தகைய நிலையில் செய்யத்தக்கது ஒன்றே உண்டு. மார்பின் இடப்பக்கத்தைக் கீறி, விலா எலும்புகளை விலக்கி, இதயத்தைக் கையில் பற்றிப் பிசைந்து இயக்க வேண்டும். அதே வேளையில் குழாய் வழியே புது இரத்தம் செலுத்திக்கொண்டிருக்க வேண்டும். இவை யாவும் செய்யப்பட்டன. எனினும் இதயத்தினின்று புறப்படும் பெருங்குழாய்களே குண்டுகளால் கிழிந்திருந்தன. செலுத்திய இரத்தம் உள்ளே தங்கவில்லை. இக்காயங்களோடு எவரும் சில நிமிடங்களுக்கு மேல் பிழைத்திருக்க இயலாது என்று பிரேதப் பரிசோதனை செய்த தலைமை மருத்துவர் பின்னர்த் தெரிவித்தார்.

இந்தச் சில நிமிடங்களே படத்தின் உயிர். பெயர் அறியாமல் தொடங்கிய வேலை, நடுவில் பெயர் அறிந்த பின்னரும் அதே முறையில் தொடர்கிறது. ஒருவர் கை ஒரு கணம் நிற்கிறது. ஒருவர் மற்றவரைப் பார்க்கிறார். பிறகு கத்தரியும் பஞ்சும் கை மாறுகின்றன. பெரிய மனிதர் என்பதற்காகக் கூடுதலாகச் செய்வதற்கு ஒன்றுமில்லை, ஏனெனில் முன்னமே எல்லாம் செய்துகொண்டிருந்தார்கள்.

இதே மருத்துவமனையில் அன்றிரவு இன்னொருவர் தள்ளு கட்டிலில் படுத்திருந்தார். ஏ.பி.சி. தொலைக்காட்சியின் செய்தித் தயாரிப்பாளர் ஆலன் வைஸ் என்பார், மோட்டார் சைக்கிளில் சென்றபோது டாக்சி மோதிக் காயமுற்றுச் சிகிச்சைக்குக் காத்திருந்தார். காவலர் பேச்சில் லெனன் பெயர் அடிபட்டது அவர் காதில் விழுந்தது. வலியோடு எழுந்து, தொலைபேசியைத் தேடிப் பிடித்து, தம் நிலையத்துக்குச் செய்தி கொடுத்தார். கதையாசிரியன் கற்பனை செய்தால் நாம் நம்பமாட்டோம். ஆனால் நடந்தது இதுவே. அச்சமயம் மயாமியில் நடந்துகொண்டிருந்த அமெரிக்கக் காற்பந்துப் போட்டியின் இறுதி வினாடிகளில், வர்ணனையாளர் ஹாவர்டு கோசெல் அச்செய்தியை நாடறியச் சொன்னார். இலட்சக்கணக்கான இல்லங்கள் பந்தைப் பார்த்துக்கொண்டே மரணத்தைக் கேட்டன.

கோசெல் சொன்ன சொற்களில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கொண்டு வரும்போதே உயிரில்லை என்னும் பொருள்பட அவர் அறிவித்தார். மருத்துவ நோக்கில் அதனைப் பிழை என்று சொல்வதற்கில்லை. வரும்போதே நாடி இல்லை என்பது உண்மையே. ஆயினும் ஒரு தொடரில் அத்தனை பேர் உழைப்பும் துடைக்கப்பட்டுவிட்டது. உலகம் பல்லாண்டுகளாக இந்த மரணத்தை ‘வாயிலில் சுட்டான், மாண்டார்’ என்றே அறிந்திருந்தது. இடையில் இருந்த அறையும் அறைக்குள் இருந்தோரும் கதையில் இல்லை.

அப்படி இல்லாமற் போனதற்கு அவர்களும் ஒரு காரணம். ஹாலரனும் செவிலியர் இருவரும் நெடுங்காலம் வாய் திறக்கவில்லை. அவசர சிகிச்சைப் பிரிவின் தலைவராய் இருந்தவரே நினைவு நாள்தோறும் பத்திரிகைகளுக்குச் சொல்லி வந்தார். 2015-இல்தான் இவர்கள் தொலைக்காட்சியில் தோன்றித் தம் கூற்றை வெளியிட்டனர். இரு கூற்றுகளும் இதயத்தைப் பற்றிய கை எவருடையது என்பதில் ஒத்துப்போகவில்லை. படம் இளையவர் பக்கம் நிற்கிறது. எந்த அலுவலகத்திலும் பதிவேட்டில் எழுதுவோர் ஒருவர், மேடையில் பேசுவோர் ஒருவர் என்றிருப்பது உண்டு. மருத்துவமனைக்கும் விலக்கில்லை போலும்.

நம் உள்ளத்தை மிகவும் வருத்தியது வேறொன்று. கணவர் மாண்டார் என்று அறிந்த யோக்கோ அம்மையார், செய்தியைச் சற்று நேரம் வெளியிடாதிருக்குமாறு மருத்துவமனையாரை வேண்டினார். ஐந்து வயது மகன் ஷான் வீட்டில் இருந்தான். ஒருவேளை தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருப்பான். தந்தையின் மரணத்தை அவன் அப்பெட்டியிலிருந்து அறியக்கூடாது, தாமே சென்று சொல்ல வேண்டும் என்பது அத்தாயின் கவலை. மருத்துவமனையார் அதற்கு இணங்கினர். ஆனால் செய்தியோ வைஸ் வழியாகக் கதவைத் தாண்டிப் போய்விட்டது.

வைஸைக் குற்றவாளி ஆக்கப் படம் முயலவில்லை. நாமும் முயலோம். செய்தி சொல்வது அவர் தொழில். தொழிலில் அவர் உண்மையாய் இருந்தார். செவிலியர் காக்கும் மௌனமும் செய்தியாளர் தேடும் தொலைபேசியும் ஒரே நடையில் எதிரெதிரே நிற்பதைக் காட்டிவிட்டு இயக்குநர் ஒதுங்கிக்கொள்கிறார். அங்கேதான் படம் உயர்கிறது.

ஊரை விட்டு வந்து வாழும் நமக்கு இக்காட்சி வெறும் அமெரிக்கக் கதையாகத் தோன்றாது. தந்தி இருந்த நாளில், இறந்தாரை இறந்தார் என்று எழுதாமல் ‘கவலைக்கிடம், உடனே புறப்படுக’ என்று எழுதுவார்கள். இரண்டு நாள் ரயில் பயணத்தில் நெஞ்சம் உடைந்துவிடக்கூடாதே என்ற பரிவு அது. 2013 ஜூலையில் தந்திச் சேவையே நின்றுவிட்டது. இந்நாளில் கைபேசியில் ஒன்றுவிட்ட உறவினர் எவரோ மாலையிட்ட படத்தை அனுப்பிவிடுகிறார். பெற்ற மகன் அலுவலகத்தில் கணக்குப் பார்த்துக்கொண்டே அதைத் திறக்கிறான். வீட்டுக்கு அழைத்து உட்கார வைத்துச் சொல்ல வேண்டியதை விரல் நுனி சொல்லிவிடுகிறது. முதலில் யார்க்குச் சொல்வது, யார் சொல்வது என்று நம் குடும்பங்களில் ஒரு முறை இருந்தது. அம்முறையைத்தான் அம்மையார் அந்நிய நகரில் அன்றிரவு காக்க முயன்றார்.

படத்தில் குறை இல்லாமல் இல்லை. பாத்திரங்கள் பலர் ஒருசேர நுழைவதால் முதற்பகுதியில் யார் மருத்துவர், யார் நோயாளி என்று பிரித்தறிவதே பாடாகிறது. சில இடங்களில் உரையாடல் விளக்கவுரை போல் நீள்கிறது. ஆட்டமும் பாட்டும் எதிர்பார்த்து அமர்வோர் ஏமாறுவர். பாடகரைப் பற்றிய படத்தில் பாடகர் பாடுவதில்லை.

அறுவைக் காட்சிகளும் இரத்தமும் மிகுதியாக உள்ளமையால் சிறுவர்கள் உறங்கிய பின் காண்பது நலம். ஆங்கிலம் விரைவாகப் பேசப்படுகிறது. எழுத்துக்களைக் கீழே வரச் செய்துகொண்டால் வீட்டுப் பெண்டிரும் முதியோரும் எளிதில் தொடரலாம். படத்தில் வரும் ரூஸ்வெல்ட் மருத்துவமனையைத் தேடி நியூயார்க்குக்குச் செல்லும் நம் பிள்ளைகள் அப்பெயர்ப் பலகையைக் காணமாட்டார்கள். 2015 முதல் அதன் பெயர் மவுண்ட் சினாய் வெஸ்ட்.