கம்பி இல்லாமல் ஒரு கல்யாணம்

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், வத்திராயிருப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது வ. புதுப்பட்டி. அந்த ஊர் மாமியார் ஒருவர் அடுப்படியில் ரசத்தைத் தாளித்துக்கொண்டே பாட்டுக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். போனோ கூடத்து மேஜையில் கிடக்கிறது. காதில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு குமிழ். கம்பி என்பதே கிடையாது. பாட்டு எந்த வழியாக வந்தது?

டவர் வழியாகத்தானே என்பீர்கள். அதுதான் இல்லை! பாட்டுப் போனிலேயே பதிவாகியிருந்தால், டவர் தூங்கினாலும் அது தொடர்ந்து கேட்கும். இந்த ஏற்பாட்டுக்குத்தான் 'புளூடூத்' என்று பெயர்.

திருச்சி வானொலி நிலையம் 1939-ஆம் ஆண்டிலிருந்து ஊர் ஊராகப் பாடி வருகிறது. உங்கள் போனுக்குள் இருப்பதும் ஒரு குட்டி வானொலி நிலையமே. என்ன வித்தியாசம்? இது சுமார் 10 மீட்டருக்குள் மட்டும் பாடும்; அதனால் மின்சாரச் செலவு மிகவும் சொற்பம்.

சரி, பக்கத்து வீட்டுக் குமிழின் பாட்டு நம் காதில் வந்து விழாதா? சிறுமிகள் பாண்டி ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். பாட்டுக் கேட்கும் கருவிகளில் பெரும்பாலும் 79 கட்டம் போட்ட பாண்டி நடக்கிறது. போனும் குமிழும் கை கோத்தாற்போல் நொடிக்கு 1,600 முறை கட்டம் மாறித் தாவுகின்றன. தாவும் வரிசை அவை இரண்டுக்குந்தான் தெரியும். மைக்ரோவேவ் அடுப்பும் இதே அலைவரிசைப் பகுதியில்தான் வேலை செய்கிறது. அடுப்பு ஓடும்போது பாட்டுச் சில சமயம் விக்குவது அதனால்தான்.

இப்படித் தாவும் யோசனைக்கு 1942-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றவர்களில் ஒருவர் யார் தெரியுமா? ஹாலிவுட் நட்சத்திரம் ஹெடி லமார்! எதிரிகள் குறுக்கிட முடியாதபடி கடற்படையின் டார்பிடோவைச் செலுத்துவதற்காக, இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்தெயிலுடன் சேர்ந்து அவர் வகுத்த திட்டம் அது.

புளூடூத் பிறந்தது 1994-இல், ஸ்வீடனின் எரிக்ஸன் கம்பெனியில். பல கம்பெனிகளின் கருவிகளை ஒன்று சேர்ப்பதால், டென்மார்க்கையும் நார்வேயையும் இணைத்த பழைய அரசர் ஹரால்டின் பட்டப் பெயரை அதற்குச் சூட்டினார்கள். 'நீலப் பல்லர்' என்பது அந்தப் பட்டம். வானொலிப் பெட்டிக்கே தபாலாபீசில் லைசென்ஸ் கட்டிய நம் நாட்டில், இந்த அலைவரிசையில் இயங்கும் சிறு சக்திக் கருவிகளுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்று 2005 ஜனவரியில் விதி செய்தார்கள்.

இனித்தான் முக்கியமான விஷயம். இரண்டு கருவிகளை ஜோடி சேர்ப்பதும் ஒரு கல்யாணந்தான்; பொருத்தம் பார்க்க வேண்டும். இரண்டு திரைகளிலும் ஆறு இலக்க எண் தோன்றினால், இரண்டும் ஒன்றாக இருந்தால் மட்டுமே சம்மதியுங்கள். நீங்கள் கேட்காமலே வரும் வரனுக்குத் தயங்காமல் 'வேண்டாம்' சொல்லுங்கள். போனுக்கு உங்கள் சொந்தப் பெயரை வைக்காதீர்கள். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரின் திரையில் அது தெரியக்கூடும். பழைய போனை விற்குமுன் ஜோடிப் பட்டியலை அழித்துவிடுங்கள்.

யார் அருகில் யார் இருந்தார்கள் என்பதையும் புளூடூத் சொல்லிவிடும். 2020-இல் வந்த 'ஆரோக்கிய சேது' அப்படித்தான் வேலை செய்தது. சாவி தொலைந்தால் கண்டுபிடிக்க உதவும் 'ஏர்டேக்' வில்லையை ஆப்பிள் கம்பெனி 2021-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. தீயவர்கள் அதைப் பெண்களின் கைப்பையில் ஒளித்து வைத்து, அவர்கள் போகுமிடமெல்லாம் வேவு பார்த்த சம்பவங்கள் வெளிநாடுகளில் நடந்திருக்கின்றன. அதனால் 2024 மே மாதம் ஆப்பிளும் கூகுளும் ஒரு ஏற்பாடு செய்தன. அறியாத வில்லை ஒன்று உங்களுடனே பயணம் செய்தால், போன் எச்சரிக்கை கொடுக்கும்.

சகோதரிகளே, அந்த எச்சரிக்கை வந்தால் விளம்பரம் என்று தள்ளிவிடாதீர்கள். அதிலேயே வில்லையை ஒலிக்கச் செய்யும் வசதி உண்டு. ஆள் நடமாட்டமுள்ள இடத்தில் நின்று தேடுங்கள். வில்லை கிடைத்தால் வீசி எறிய வேண்டாம். சாட்சியாகப் போலீஸிடம் கொடுங்கள்.

பாட்டுக்கு வந்த விருந்தாளி, வேவுக்கு வந்துவிடக் கூடாது அல்லவா?