வினையா, பெயரடையா, வினையடையா? ஆங்கிலச் சொற்களை இனங்காண்பது எப்படி

பணியாளர் தேர்வாணையத்தின் ஒருங்கிணைந்த பட்டதாரி நிலைத் தேர்வின் முதல் கட்டத்தில் ஆங்கிலப் பகுதிக்கு 25 வினாக்கள், 50 மதிப்பெண்கள். தவறான விடை ஒவ்வொன்றுக்கும் 0.50 மதிப்பெண் கழிக்கப்படுகிறது. வாக்கியத்தில் பிழை காணும் வினாக்களில் தேர்வர்கள் தடுமாறும் இடங்களுள் ஒன்று, வினைச்சொல், பெயரடை, வினையடை ஆகிய மூன்றையும் பிரித்தறிவதாகும்.

ஆங்கிலத்தில் ஒரு சொல்லின் வகையை அதன் வடிவம் மட்டும் காட்டிவிடுவதில்லை. வாக்கியத்தில் அது ஆற்றும் பணியே தீர்மானிக்கிறது. 'எ ஃபாஸ்ட் டிரெயின்' என்பதில் 'ஃபாஸ்ட்' ரயிலைச் சிறப்பிக்கும் பெயரடை. 'தி டிரெயின் ரன்ஸ் ஃபாஸ்ட்' என்பதில் அதே சொல் ஓடுதலைச் சிறப்பிக்கும் வினையடை. 'தே ஃபாஸ்ட் ஆன் ஃப்ரைடேஸ்' என்றாலோ நோன்பிருத்தலைக் குறிக்கும் வினை. ஐயம் எழுந்தால் காலத்தை மாற்றிப் பார்க்கலாம். மூன்றாவது வாக்கியத்தில் மட்டுமே 'ஃபாஸ்டட்' என்று இறந்தகாலத்தில் அது திரியும்.

'லி' என முடிந்தால் வினையடை என்பது பயிற்சி வகுப்புகளில் அடிக்கடி சொல்லப்படும் குறுக்குவழி. 'குயிக்லி', 'ஸ்லோலி' ஆகியவற்றுக்கு அது பொருந்தும். ஆனால் 'ஃப்ரெண்ட்லி', 'லவ்லி', 'காஸ்ட்லி' ஆகியவை பெயரடைகள். 'காஸ்ட்லியான புடவை' என்று அன்றாடம் பேசும் தமிழர்களுக்கு இது புதிதன்று. 'ஷி ஒர்க்ஸ் ஹார்ட்' என்றால் கடுமையாக உழைக்கிறார் என்று பொருள். 'ஷி ஹார்ட்லி ஒர்க்ஸ்' என்றால் அவர் வேலை செய்வதே அரிது.

மிகுதியான பிழைக்கு இடந்தருபவை 'டேஸ்ட்', 'ஸ்மெல்', 'லுக்', 'ஃபீல்' போன்ற இணைப்பு வினைகள். இங்கு தாய்மொழியின் தாக்கமும் சேர்ந்துகொள்கிறது. தமிழில் 'உணவு சுவையாக இருக்கிறது' என்று 'ஆக' சேர்த்தே சொல்கிறோம். அதே பழக்கத்தில் ஆங்கிலத்திலும் வினையடையை இட்டு 'தி ஃபுட் டேஸ்ட்ஸ் டெலிஷியஸ்லி' என்று எழுதிவிடுகின்றனர். 'டெலிஷியஸ்' என்பதே சரி; அது உணவின் தன்மையைச் சொல்கிறது, சுவைக்கும் முறையை அன்று. இந்தி பேசுவோரின் சிக்கல் வேறு. 'அச்சா' என்னும் ஒரே சொல் அங்கு பெயருக்கும் வினைக்கும் அடையாக வருவதால், 'ஹி சிங்ஸ் வெல்' என்னுமிடத்தில் 'குட்' புகுந்துவிடுகிறது.

வினையை எடுத்துவிட்டு 'இஸ்' அல்லது 'வாஸ்' இட்டுப் பார்ப்பது எளிய சோதனை. 'ஹி லுக்ட் ஆங்ரி' என்பது 'ஹி வாஸ் ஆங்ரி' எனப் பொருள்படும், எனவே பெயரடை. 'ஹி லுக்ட் ஆங்ரிலி அட் தி கிளார்க்' என்பதில் அந்த மாற்றம் பொருந்தாது. அவர் எழுத்தரைக் கோபத்துடன் பார்த்தார், எனவே வினையடை. தமிழில் இரண்டிற்கும் 'கோபமாக' என்ற ஒரே சொல் போதும் என்பதால்தான் வேறுபாடு கண்ணில் படுவதில்லை.

வினையிலிருந்து பிறந்த பெயரடைகளும் உள்ளன. 'இன்ட்ரஸ்டிங்' என்பதற்கு முன் 'வெரி' சேர்க்கலாம்; அது முழுமையான பெயரடை. 'தி ஹவுஸ் இஸ் பர்னிங்' என்பதில் சேர்க்க இயலாது. அங்கு 'பர்னிங்' இன்னும் வினையே. 'போரிங்', 'போர்ட்' இரண்டுமே 'வெரி' ஏற்பவை என்றாலும் பொருள் வேறு. தமக்கு அலுப்பாக இருப்பதைச் சொல்ல எண்ணி 'ஐ ஆம் போரிங்' என்பவர், பிறருக்கு அலுப்பூட்டுபவர் தாமே என்று அறிவித்துவிடுகிறார்.