கையொப்பமும் கடிதமும்

காணி உறுதி முடிப்பதற்கு நொத்தாரிசின் முன் அமர்ந்திருப்பவர் பெருவிரலில் மை தடவி அடையாளமிட்டால், அவரை எழுத்தறியாதவர் என்கிறோம். பேனாவை வாங்கித் தம் பெயரை எழுதினால் எழுத்தறிந்தவர் என்கிறோம். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நிலை ஒன்று உண்டென்பதை அந்த மேசையில் எவரும் எண்ணுவதில்லை. கையொப்பத்தைச் சித்திரம்போலப் பழகிக்கொண்டு, தாம் ஒப்பமிட்ட உறுதியின் ஒரு வரியையேனும் வாசிக்க இயலாதோர் உளர்.

இம்மயக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் 1754ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த விவாகச் சட்டத்தின்படி மணமக்கள் பதிவேட்டில் ஒப்பமோ அடையாளமோ இட்டனர். அவ்வொப்பங்களை எண்ணியே பிற்கால வரலாற்றாசிரியர் அக்கால மக்களின் எழுத்தறிவைக் கணித்தனர். சுவீடனிலோ, 1686ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தின் பின், பாதிரிமார் குடும்பங்களை அழைத்து வாசிப்பைச் சோதித்து ஏட்டிற் குறித்தனர். எழுத வருமா என்பது அவர்களுக்குப் பொருட்டன்று. வாசிக்க மட்டும் அறிந்த குடியானவப் பெண் அங்கே எழுத்தறிந்தவள், இங்கிலாந்தில் அறியாதவள்! அளவுகோல் மாற ஆளும் மாறிவிடுகிறாள்.

தன் அன்றாட வாழ்க்கை பற்றிய எளிய சிறு கூற்றொன்றைப் பொருளுணர்ந்து வாசிக்கவும் எழுதவும் வல்லவரே எழுத்தறிந்தவர் என 1958இல் யுனெஸ்கோ வகுத்தது. நல்ல வரையறைதான். ஆயின் பொருளுணர்ந்தமையை எங்ஙனம் சோதிப்பது?

கியூபா தேசத்தார் 1961இல் கண்ட விடை சுவையானது. அவ்வாண்டு ஏறத்தாழ ஓர் இலட்சம் மாணவர் விளக்கும் அரிவரியுமாக மலைப்புறங்களுக்கும் தோட்டங்களுக்கும் சென்று குடியானவரோடு தங்கிக் கற்பித்தனர். கற்போருக்கு மூன்று சோதனைகள். இறுதிச் சோதனையில் சிறு பகுதியொன்றை வாசித்து வினாக்களுக்கு விடை சொல்லவேண்டும், சொல்வதெழுதவேண்டும், முடிவில் பிடல் காஸ்ட்ரோவுக்குத் தம் கைப்படக் கடிதம் ஒன்று வரையவேண்டும். ஏழு இலட்சத்துக்கு மேற்பட்டோர் தேறினர். அக்கடிதங்கள் ஹவானாவிலுள்ள எழுத்தறிவு நூதனசாலையில் வைக்கப்பட்டுள்ளன.

கடிதத்தைப் பரீட்சையாக்கியது கூரிய யோசனை. அரிவரியை மனனஞ் செய்தவர் அரிவரியை ஒப்புவிக்கலாம். கடிதம் எழுதத் தமக்கென ஒரு சொல் வேண்டுமன்றோ? எனினும் நாட்டின் தலைவருக்கு எழுதும் கடிதத்தில் நன்றி கூறும் வாய்பாடு நுழைவது எளிது. அண்டை வீட்டாருடன் நேர்ந்த எல்லைத் தகராற்றை எழுதச் சொல்லியிருந்தால் இன்னும் உண்மையான சோதனையாயிருக்கும் என்பது என் கருத்து.

முதியோரைச் சோதிப்பதில் வேறொரு சங்கடமும் உண்டு. பரீட்சையில் தவறிய சிறுவன் அடுத்த ஆண்டும் வகுப்புக்கு வருவான். பேரப்பிள்ளைகள் பார்த்திருக்கத் தவறிய பாட்டனார் திரும்பி வரமாட்டார். ஆகவே சோதிப்பவர் கை இளகுகிறது. கேரளத்தில் 2018இல் நடந்த எழுத்தறிவுப் பரீட்சையில் எழுதியோரில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதின்மர் அளவில் தேறினர். அவர்களுள் 96 வயதான கார்த்தியாயினி அம்மை நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் புள்ளி பெற்றார். அம்மூதாட்டியின் முயற்சியை எவர்தான் வணங்கார்? ஆயினும் ஏறக்குறைய எல்லோரும் தேறும் பரீட்சை, கற்றோருக்கு ஊக்கந் தரும். கற்பித்தல் எங்கே பழுதுற்றது என்பதைக் கற்பித்தோருக்குக் காட்டாது. சான்றிதழைச் சுவரில் மாட்டிவிட்டு, மருந்துப் போத்தலை அடுத்த வீட்டுப் பிள்ளையிடம் நீட்டுபவரை அது கண்டுகொள்ளாது.

கியூபாவினர் இதனை உணர்ந்திருந்தனர் போலும். கடிதம் எழுதியதோடு கல்வி முடிந்ததென விடாது, 1962இலேயே தொடர் வகுப்புகளைத் தொடங்கினர். பின்னர் அவை ஆறாம் வகுப்புத் தரம் வரை நீண்டன. முந்திய ஆண்டில் தேறியவர்கள், வயல் வேலை முடிந்த மாலைகளில், மீண்டும் பலகையின் முன் வந்து அமர்ந்தனர்.