மரத்தைத் தேடி மரமேறியவர்கள்

தலைமுடிச் சாயத்தில் ‘மகோகனி’ என்றொரு நிறம் உண்டு. அது ஒரு மரத்தின் பெயர். அறுத்த புதிதில் கட்டை இளஞ்சிவப்பாக இருக்கும். வருடங்கள் ஆக ஆகச் செம்பழுப்பாகக் கறுக்கும்.

மத்திய அமெரிக்காவின் பெலீஸ் நாட்டுக்கு இதுதான் தேசிய மரம். கொடியிலேயே மகோகனி நிற்கிறது. இருபுறமும் கோடரியோடு ஒருவர், துடுப்போடு ஒருவர்.

1721-ல் இங்கிலாந்து தன் காலனிகளின் மரத்துக்கு இறக்குமதி வரியை நீக்கியது. பணக்கார வீட்டு மேஜை, நாற்காலியெல்லாம் மகோகனியாயின. பெலீஸ் காட்டில் வெட்டியவர்களோ ஆப்பிரிக்க அடிமைகள்.

மகோகனி தோப்பாக வளராது. அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் நிற்கும். ஆகவே மரம் தேடவே ஓர் ஆள் உண்டு. ‘வேட்டைக்காரர்’ என்றே அவரை அழைத்தார்கள். ஆகஸ்டில் மகோகனி இலைகள் மஞ்சளும் சிவப்புமாக மாறும். அப்போது இருப்பதிலேயே உயரமான மரத்தில் ஏறிப் பார்த்து, இடத்தை மனதில் குறித்துக்கொண்டு இறங்குவார். வரைபடம் எதுவும் கிடையாது!

பகல் வெயிலை மாடுகள் தாங்காது என்பதால், கட்டைகளை இரவில் தீப்பந்த வெளிச்சத்தில் ஆற்றங்கரைக்கு இழுத்தார்கள். மழைவெள்ளம் வந்ததும் அவை கடலை நோக்கி மிதந்தன.

அந்த வேட்டை மரங்களை அரிதாக்கிவிட்டது. சொந்த மண்ணில் நெருக்கமாக நட்டு வளர்க்கலாமென்றால், குருத்தைத் துளைக்கும் புழு விடுவதில்லை. 2003 முதல், அங்குள்ள பெரிய இலை மகோகனிக் கட்டை ஏற்றுமதி அனுமதி இல்லாமல் நாடு தாண்ட முடியாது.